இறக்கி வைத்த காவடி

பிரிக்ஃபீல்ட்ஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

குமுதா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்கள், அண்ணி, உங்கள் தோட்டத்துக் கொசுக்கள் எல்லாரும் சுகம்தானே?

சிரிக்காதீர்கள். காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, கையில் ஆளுக்கொரு போனையும் வைத்துக்கொண்டு தபாலில் கடிதம் போடும் கூத்து நம் குடும்பத்தில்தான் நடக்கும். வழி சொன்னவர் அண்ணி. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசுனா ரெண்டாவது நிமிஷம் சண்டைலா. எழுதிப் பாருங்க. கோபம் வந்தா கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதலாம்" என்றார். இது நான் எழுதும் மூன்றாவது தாள்.

விஷயம் பழையதுதான். போன வாரம் போனில் உங்களுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. கேட்டால் "சைக்கிள்ல வந்தேன்" என்றீர்கள். சிகரெட்டை விடவில்லை. ஐம்பத்தேழு வயது. இந்த லட்சணத்தில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி வேறு.

நான் எமர்ஜென்சியில் வாசலில் நிற்கிற நர்ஸ். வருகிறவர்களில் யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரை உட்கார வைப்பது என்று பிரிப்பதுதான் என் வேலை. நம் ஆட்கள் எல்லாரும் ஒரே வார்த்தையோடுதான் வருகிறார்கள்: "காத்து புடிச்சிருக்கு மிஸ்ஸி." தைலம் தேய்த்து, சோடா குடித்து, ஏப்பம் வருகிறதா என்று பார்த்து, வராத பிறகு வருகிறார்கள். சில பேருக்கு அதற்குள் நேரம் போய்விடுகிறது.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருந்தாலும், கையோ தாடையோ வலித்தாலும், குளிர்ந்த வேர்வை வந்தாலும் காற்று என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். அப்படியே உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள்.

அண்ணிக்கும் உங்கள் மகள் விஷ்ணுப்ரியாவுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

உங்கள் தங்கை,
குமுதா


கேரி தீவு
21 ஜனவரி 2025

அன்புத் தங்கை குமுதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முருகன் புண்ணியத்தில் எல்லாரும் சௌகரியம். உன் ஆஸ்பத்திரி வாசல் சௌகரியமா?

நீ எழுதியதை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள், நான் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டேன். நல்ல பயமுறுத்தல். முப்பது வருடமாக இந்தச் செம்பனைக் காட்டில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்குகிறேன். குலை தூக்குகிற பையன்களுக்குத்தான் மூச்சு வாங்கும், எனக்கில்லை.

காவடியை நிறுத்து என்று மட்டும் எழுதாதே. பிள்ளைக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தால் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் இப்போது கோத்தா கினபாலுவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். வாங்கிக்கொண்டு கொடுக்காமல் இருக்க நான் என்ன அரசியல்வாதியா? என் காவடிக்குப் பக்கத்தில் உன் அண்ணி பால்குடம் எடுக்கிறாள்.

பொங்கலுக்கு வாசல் நிறையக் கோலம் போடுகிறவள் இந்த வருடம் சின்னதாய் ஒன்று போட்டு முடித்துக்கொண்டாள். கேட்டால் "குனிஞ்சா களைப்பா இருக்குங்க" என்கிறாள். வயதாகிறது உங்கள் எல்லாருக்கும். எனக்குத்தான் ஆகவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சபாபதி


பிரிக்ஃபீல்ட்ஸ்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் நீங்கள் சொல்வதால் நம்புவதற்கில்லை. அண்ணி சொன்னால் நம்புவேன்.

சீனப் பெருநாள் லீவில் டூட்டி. ஓர் ஆன்டி வந்தார். இங்கே பூக்கடை வைத்திருப்பவர். "பல்லு வலி, கீழ்த்தாடை இழுக்குது" என்றார். பல் டாக்டர் கடை மூடியிருந்ததால் எங்களிடம் வந்திருக்கிறார். நெஞ்சு வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். ஆனால் காரிலிருந்து வாசல் வரை நடந்ததற்கே மூச்சு இரைத்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போய் இசிஜி எடுத்தோம். மாரடைப்பு! பிழைத்துக்கொண்டார். நேற்று எனக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தனுப்பினார்.

ஆண்கள் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது எல்லாப் பெண்களுக்கும் நடக்காது அண்ணா. தாடை, முதுகு, தோள்பட்டை, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வேறு வாசல் வழியாக வரும். அதனால்தான் அவர்களும் சொல்வதில்லை, நாங்களும் சில சமயம் கோட்டை விடுகிறோம்.

உங்களுக்கு எதற்கு இந்தக் கதை? நீங்கள் சிகரெட்டை விடுங்கள், அது போதும்.

அன்புடன்,
குமுதா


கேரி தீவு
19 பிப்ரவரி 2025

குமுதாவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் தாமதம். வேலை. பூக்கார ஆன்டி கதை நன்றாக இருந்தது. அதைக் கோயில் கமிட்டித் தலைவர் நாகையாவிடம் சொன்னேன். "அப்ப ஒங்க தங்கச்சிகிட்ட பல்லு வலின்னு போனா நெஞ்ச அறுத்துருவாங்களா அண்ணே?" என்றார். ஒரு மணி நேரம் சிரித்தோம்.

சிகரெட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். பாதி என்றால் பாதி சிகரெட்டில் அணைத்துவிட்டு மீதியைப் பிறகு பிடிக்கிறேன். முறைக்காதே.

உன் அண்ணிக்கு முதுகுப் பிடிப்பு. தோள்பட்டைக்கு நடுவே என்கிறாள். தினமும் தைலம் தேய்த்துவிடுகிறேன், வீடே தைலக் கடை மாதிரி மணக்கிறது. குடம் தூக்கிப் பழகுகிறேன் என்று தண்ணீர் நிரப்பி நடக்கிறாள், அதனால் வந்ததுதான்.

மார்ச்சில் விரதம் ஆரம்பம்.

சபாபதி


பிரிக்ஃபீல்ட்ஸ்
26 பிப்ரவரி 2025

அண்ணா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. சிரிப்பு வேறு வருகிறதா உங்களுக்கும் நாகையாவுக்கும்?

ஒரே நிபந்தனை. விரதம் ஆரம்பிக்கும் முன் தெலுக் பங்ளிமா காராங்கில் இருக்கிற கிளினிக்குக்குப் போய் இசிஜி எடுங்கள். டாக்டர் "தூக்கலாம்" என்று சொன்னால் நான் வாயே திறக்க மாட்டேன். எடுக்காவிட்டால் உத்திரத்தன்று வந்து நடுரோட்டில் படுத்துக்கொள்வேன். பிடிவாதக்கார அப்பாவின் மகள்தான் நானும்.

அண்ணியிடம் சொல்லி உங்களை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

குமுதா


கேரி தீவு
15 மார்ச் 2025

என் தங்கச்சி டாக்டரம்மாவுக்கு,

ஜம்மென்று இருக்கிறேன். நீயும் ஜம்மென்று இருப்பாய் என்று நம்புகிறேன், ஏனென்றால் இனி உனக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை.

போனேன். சட்டையைக் கழற்றி மார்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், உன்னை மாதிரியே மூக்கு நுனியில் கோபம். பிரஷர் கொஞ்சம் கூட, சிகரெட்டை விடணும், மற்றபடி "அங்கிள், உங்க ஹார்ட் ஓகே, காவடி தூக்கலாம்" என்றாள். கேட்டுக்கொள். அந்த இசிஜி தாளை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று இருக்கிறேன்.

இந்த வெற்றியைப் பார்க்க உன் அண்ணி மேலே வரவில்லை. கிளினிக் கடைவீட்டு மாடியில் இருக்கிறது. பாதிப் படி ஏறிவிட்டு "நீங்க போய்ட்டு வாங்க" என்று இறங்கி, கீழே மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கி வந்து தாளை ஆட்டிக் காட்டினேன். சிரித்தாள். வரும் வழியில் நோன்பு மாதப் பாசாரில் அவளுக்குப் பிடித்த குவே பலகாரம் வாங்கினேன், வாயில் வைக்கவில்லை, குமட்டுகிறதாம். விரதம் என்றால் அப்படித்தான்.

ஆக, தோற்றது நீ. ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுது.

வெற்றிவீரன்,
சபாபதி


பிரிக்ஃபீல்ட்ஸ்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தோற்றேன், தோற்றேன், தோற்றேன். போதுமா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நர்ஸ் அறையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு மாதமாக நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் இறங்கியது.

ஆனாலும் என் திருப்திக்கு ஒன்று செய்யுங்கள். அந்த டாக்டரிடமே கேட்டு ஆஸ்பிரின் ஓர் அட்டை வாங்கி, காவடி அன்று வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிட அல்ல, அவசரத்துக்கு. கூட்டத்தில் யாருக்கு வேண்டுமானாலும் ஏதாவது ஆகலாம். 999-இல் இருப்பவர்கள் கேள்வி கேட்டு, கொடுக்கச் சொன்னால் மட்டும் கொடுக்கவேண்டும். விழுங்கக் கூடாது, மெல்ல வேண்டும். மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைக்காதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள். கூட்டத்தை விலக்குங்கள்.

உத்திரத்தன்று எனக்கு டூட்டி. இங்கிருந்தே அரோகரா சொல்வேன். அண்ணிக்கு என் முத்தம்.

உங்கள்
குமுதா


கேரி தீவு
23 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை குமுதாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நூறு வருடம் இருக்க வேண்டும். உன் அண்ணி நலம். இப்போது கஞ்சி குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நான் தரை கூட்டியது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்து "என்னண்ணா நடந்துச்சு" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று நல்ல வெயில். ஆற்றங்கரையில் காவடி தூக்கியதும் உறுமி மேளம் பிடித்துக்கொண்டது. நான் முன்னால், இரண்டடி பின்னால் உன் அண்ணி பால்குடத்தோடு. கோயில் வளைவு கண்ணில் படுகிற இடத்துக்கு வந்தபோது பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள். "இராஜம்மாவுக்கு அருள் வந்திருச்சு! அம்மா வந்துட்டா!" என்று ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தேன். உன் அண்ணி ஆடுகிறாள். கண் எங்கோ பார்க்கிறது. உடம்பெல்லாம் வேர்வை. "ஹா, ஹா" என்று மூச்சு விடுகிறாள். நெற்றியில் திருநீற்றை அப்புகிறார்கள், கையில் எலுமிச்சம்பழத்தைத் திணிக்கிறார்கள். ஒரு கிழவர் "யாரும்மா நீ? என்ன வேணும், சொல்லு" என்று குறி கேட்கிறார். உறுமிக்காரப் பையன்கள் இன்னும் பலமாக அடிக்கிறார்கள். அருள் வந்தால் மேளத்தை ஏற்றுவதுதானே நம் வழக்கம்?

நானும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் குமுதா. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மகளுக்காக எடுத்த காவடிக்கு சாமியே இறங்கி வந்துவிட்டது என்று உடம்பு சிலிர்த்தது.

அப்புறம்தான் குடத்தைப் பார்த்தேன். ரோட்டோரம் ஒரு கல்லுக்குப் பக்கத்தில், சொட்டுப் பால் சிந்தாமல், துணி மூடி இறக்கி வைத்திருந்தாள். அருள் வந்தவள் குடத்தை இப்படியா பார்த்து வைப்பாள்? அவள் கையைப் பார்த்தேன். அருள் வந்தவர்கள் கை மேலே போகும். இவள் கை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உன் பூக்கார ஆன்டி என் முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"மேளத்த நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? அரோகரா என்று திருப்பிக் கத்தினார்கள். சந்நிதி சேராமல் காவடி தோளை விட்டு இறங்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் இறக்கினேன். தார் ரோட்டில் வைத்தேன். அதைப் பார்த்ததும் மேளம் தானாக நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

நாகையா ஓடி வந்தார். "மண்டோரே, என்ன காரியம் பண்றீங்க! சாமி குத்தம் ஆயிரும்!"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க 999-கிட்ட பேசுங்க" என்றேன்.

அவள் கையைத் தொட்டேன். அந்த வெயிலில் ஐஸ் மாதிரி இருந்தது. "இராஜம், எங்க வலிக்குது?" "முதுகு... தாடை... மூச்சு விட முடியலங்க." அவ்வளவுதான். படுக்க வைக்க வந்தவர்களைத் தள்ளினேன். சோடாவோடு வந்த பெண்ணைத் திட்டினேன், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். என் முழங்காலில் சாய்த்து உட்கார வைத்து, இடுப்பில் இறுக்கியிருந்த மஞ்சள் துணியைத் தளர்த்தினேன். நாகையா நீட்டிய போனில் 999 பெண் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, வயிற்றுப் புண் உண்டா என்றாள். இல்லை என்றேன். கொடுக்கச் சொன்னாள். எனக்காக நீ வைக்கச் சொன்னதை எடுத்து உன் அண்ணி வாயில் போட்டேன். "மெல்லு, முழுங்காதே" என்றேன். மென்றாள். முப்பது வருடத்தில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அன்று ஒருநாள்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளேயே இசிஜி எடுத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்கள். பாலம் தாண்டும்வரை என் கையை விடவில்லை அவள். மீதி உனக்குத் தெரியும். அடைத்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்த டாக்டர் வெளியே வந்து, "இது மாரடைப்புன்னு யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் இடுப்பில் வேட்டி, கழுத்தில் மாலை, மேலெல்லாம் விபூதியோடு நின்றேன். "நான்தான் டாக்டர்" என்றேன். அப்போதுதான் நீ ஓடி வந்தாய்.

ஜெயித்துவிட்டோம் குமுதா. நீயும் நானும் சண்டை போட்டே ஜெயித்துவிட்டோம்.

உன் அண்ணன்,
சபாபதி


பிரிக்ஃபீல்ட்ஸ்
30 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணியின் மருந்துகளை நேரம் தவறாமல் கொடுக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை டூட்டிக்கு வந்த எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்ற இடத்தில் எங்கள் டாக்டர் கை தட்டினார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். சின்னக் கோலம். முதுகுப் பிடிப்பு. ஏறாத படி. குமட்டல். ஒவ்வொன்றிலும் அண்ணி இருந்தார். நான் ஒவ்வொன்றிலும் உங்கள் சிகரெட்டை மட்டும் தேடினேன். பூக்கார ஆன்டியை வாசலில் பார்த்தே கண்டுபிடித்தவள், என் அண்ணியைத் தாளில் கோட்டை விட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருக்கிறது, அதனால் பிழைத்துப் போகிறேன்.

நான் எழுதியதை நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள் என்று நினைத்தேன். ஒரு வரி விடாமல் மனதில் வைத்திருந்திருக்கிறீர்கள். திருட்டு அண்ணா.

அன்புடன்,
குமுதா


கேரி தீவு
25 மே 2025

அன்புத் தங்கைக்கு,

இருவரும் சுகம். உன் அண்ணி காலையில் பள்ளிக்கூடம் வரை நடக்கிறாள், நான் பின்னால் நாய்க்குட்டி மாதிரி போகிறேன். சிகரெட்டை விட்டுவிட்டேன். முழுசாக. கேள்வி கேட்காதே.

கோயில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. காவடியைத் தரையில் வைத்ததற்குப் பரிகாரம் என்ன என்று ஒருவர் எழுந்தார். குருக்கள் அவரை உட்காரச் சொன்னார். "தரையும் அவனோடதுதான். உட்காருங்க" என்றார்.

நாகையா எழுந்து, அடுத்த வருடம் முதல் யாருக்கு அருள் வந்தாலும் முதலில் மேளத்தை நிறுத்தி, கையைத் தொட்டுப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும் என்றார். உறுமிப் பையன்கள் சம்மதித்தார்கள். "நெஜமான அருள்னா சாமி ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணும்லா" என்றான் ஒருவன். அதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க நீ வரவேண்டும். வருகிற ஞாயிறு. வராவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து உன் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கொள்வேன்.

சபாபதி


கேரி தீவு
15 ஜூன் 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

நீ வந்து மண்டபத்தில் பேசிவிட்டுப் போனதிலிருந்து பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவரவர் வலியைச் சொல்கிறார்கள். போன வாரம் இரண்டு பேரை நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மாடிப்படி முழுவதும் ஏறினேன், நடுவில் நிற்கவில்லை.

அன்று நீ கேட்டாய், "ஏன் அண்ணி சொல்லல?" என்று. அவர் பக்கத்தில் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

வலி தைப்பொங்கலுக்கு முன்பே இருந்தது. நீ எழுதிய பூக்கார ஆன்டி கதையை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியவளே நான்தானே? படிக்கும்போதே எனக்குக் கொஞ்சம் விளங்கியது. சொன்னால் டாக்டர், ஆஸ்பத்திரி என்று ஆகும், காவடி தடைப்பட்டுப் போகும். பிள்ளைக்காக வேண்டிய காவடி. அது என்னால் நின்றது என்று ஆகிவிடக் கூடாது, உத்திரம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். முட்டாள்தனம்தான். மண்டபத்தில் பெண்களிடம் அதையும் சொல்லிவிட்டேன், என்னை மாதிரி இருக்காதீர்கள் என்று.

அவருக்கு என்னைவிடக் காவடி பெரிது என்று நினைத்திருந்தேன் குமுதா. அதில் எனக்குக் கோபம்கூட இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன். நான் அவர் முழங்காலில் சாய்ந்து மாத்திரையை மென்றுகொண்டிருந்தபோது எதிரில் பார்த்தேன். தார் ரோட்டில், மயிலிறகெல்லாம் தூசியாக, காவடி கிடந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதை உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே. அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

ஆசையுடன்,
இராஜம்மா